ஒன்றாம் வகுப்புக் கடல்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி டவுணில் மண்டலக் கற்பித்தல் மேம்பாட்டுப் பேரவை என்று ஒன்று இருந்தது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை. அதன் மாடியில் பேரவை. கீழே சேலை, மேலே கல்வி. காரியமாக மாடி ஏறுகிற வாத்தியார்கள் காரியம் நடக்காமல் இறங்கும்போது, வந்ததற்கு வீட்டுக்கு ஒரு நூல்சேலையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் பேரவைக்கு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று அங்கே சொல்லிக்கொள்வதில் பொய் இல்லை.

அகமது மீரான் வீட்டில் அந்த வருஷம் சேலைக்குப் பஞ்சமே இல்லை. அவர் ஏரல்காரர். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், புன்னக்காயலிலிருந்து பார்த்தால் தெரிகிற உப்பந்திட்டு என்ற மணல் மேட்டில் ஈராசிரியர் பள்ளிக்குத் தலைமையாசிரியர். தினமும் ஒரு பஸ், பிறகு ஒரு தோணி. திட்டுக்கு மூன்று பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். பயந்த சுபாவம் உள்ள மனிதர்; பேரவையின் பியூன் வந்தால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அவர் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். ஏறுகிற கடல் முன்பெல்லாம் பள்ளிக்கூட வேலியோடு நின்று திரும்பிவிடும். இப்போது சில வருஷமாக ஒன்றாம் வகுப்பு அறைக்குள்ளேயே வந்து, பிள்ளைகளின் கணுக்காலை நனைத்துவிட்டுச் சாயங்காலம் போகிறது. வந்த தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. மேற்குச் சுவரின் செங்கல்லை விரலால் அழுத்தினால் புட்டு மாவாக உதிர்கிறது. அந்தச் சுவர் விழுவதற்குள் சின்னப் பிள்ளைகளை மேட்டில் இருக்கிற வலைக் கொட்டகைக்கு மாற்ற வேண்டும். கொட்டகைக்காரர் கிருபைராஜ், நாலு தோணி வைத்திருப்பவர், கேட்ட உடனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"வலை நனையதுக்குன்னே பொறந்தது சார். வெளிய கிடந்துட்டுப் போவட்டும். புள்ளைய நனையக் கூடாது, கூட்டிட்டு வாங்க" என்றார்.

சாவி கிடைத்தது, உத்தரவு கிடைக்கவில்லை. பள்ளிக் கட்டடத்தை விட்டு வகுப்பு ஓர் அடி நகர்வதானாலும் பேரவையின் அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அனுமதி இல்லாமல் நகர்ந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் நடக்கவில்லை என்று கணக்கு. மீரானுக்குச் சுவரை நினைத்தும் பயம், சுற்றறிக்கையை நினைத்தும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவர் டவுணுக்கும் திட்டுக்குமாக நடையாய் நடந்தார்.

அன்றைக்கு மாடி ஏறியதும் கண்காணிப்பாளர் தாணுமாலையன் நாற்காலியிலிருந்தே கையை நீட்டி வரவேற்றார். இது இதற்கு முன் நடந்ததில்லை.

"வாரும் வே மீரான்! உம்மத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

மீரானுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "கொட்டகை விஷயமா சார்?"

"கொட்டகை கிடக்கட்டும். உம்ம ஊரு தீவுதானே?"

"திட்டு சார்."

"சுத்தித் தண்ணிதானே? அப்போ தீவுதாம் வே. இரும், காப்பி சொல்லுதேன்."

விஷயம் இதுதான். வெளிநாட்டு அமைப்பு ஒன்று, வெப்பமண்டலத் தீவுகளில் வாழும் குழந்தைகளுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தையும் அதற்கு ஒரு தடித்த கையேட்டையும் அனுப்பியிருந்தது. எங்கேயோ நடுக்கடலில் கிடக்கிற தீவுகளுக்காகப் போட்ட திட்டம் நெல்லைக்கு எப்படி வந்தது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இயக்குநர் குருபிரசாத் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில், கழிப்பறை எங்கே என்று கேட்பதற்காகக் கையைத் தூக்கியதாகவும், அப்போது மேடையில் 'எந்தெந்த நாட்டார் பொறுப்பேற்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டிருந்ததாகவும் பேரவையில் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, வந்த திட்டத்தை விட முடியுமா? ஆனால் அதைத் தீவில்தான் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் இருப்பதால் அதையே தீவாகக் கொள்ளலாமா என்று கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லை என்பது இரண்டாவது கூட்டத்தில்தான் கவனத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் யாருக்கோ, வாரம் தவறாமல் விண்ணப்பத்தோடு வந்து உட்காருகிற உப்பந்திட்டு வாத்தியாரின் ஞாபகம் வந்தது.

பயிற்சி டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்; போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் திரும்பப் போர்த்தினார். பட்டப்பகலில் மண்டபத்தின் ட்யூப்லைட் அத்தனையும் எரிய, இயக்குநர் குருபிரசாத் பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார்.

"பெரியோர்களே, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது. இதை நாம் குளிர்ந்த உள்ளத்தோடு அணுக வேண்டும். போன வாரம் விமானத்தில் வரும்போது சன்னல் வழியாகக் கடலை உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கையேடு வேறு சொல்கிறது! ஆகவே ஆசிரியர்களே, நான் உங்களை இருகரம் கூப்பி வேண்டுவது ஒன்றுதான். கடலை நம்பாதீர்கள். கையேட்டை நம்புங்கள்."

கைதட்டல் அடங்கியதும் ஐயங்களைக் கேட்கலாம் என்றார்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எப்போதும் சொல்வது. மீரான் எழுந்து நின்றார்.

"சார், எங்க பள்ளிக்கூடத்துல கடல் வகுப்புக்குள்ள வருது."

"வரும்" என்றார் இயக்குநர் கனிவாக. "கட்டாயம் வரும். அதற்குத்தானே இந்தப் பயிற்சி!"

"இல்ல சார், போன வெள்ளிக்கிழமை வந்துச்சு."

இயக்குநர் கையேட்டைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவரும் ஒரு கையேட்டைப் புரட்டினார். "இரண்டாயிரத்து ஐம்பது என்றுதானே போட்டிருக்கிறது" என்றார் இயக்குநர். மண்டபம் சிரித்தது. கடல் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டது தன் குற்றம்தான் என்பதுபோல மீரான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் ஆளுக்கொரு தெர்மகோல் அட்டை கொடுத்துத் தீவு செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் என்ன செய்வது என்று விழித்தபோது மீரான் மட்டும் மளமளவென்று செய்து முடித்தார். தட்டையான மணல், ஓரமாக உடைமரம், நாலு பனை, மேட்டில் ஒரு கொட்டகை, பள்ளத்தில் பள்ளிக்கூடம். மதிப்பெண் போட வந்த தாணுமாலையன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது தீவு மாதிரியே இல்லையே வே."

"எங்க ஊரு இப்படித்தான் சார் இருக்கும்."

"உம்ம ஊரு இருந்துட்டுப் போவட்டும். படத்தப் பாரும். நடுவுல எரிமலை, சுத்தி ஈரப்பலா மரம். உமக்கு ஈரப்பலா எங்க?"

மீரான் தன் ஆயுசில் ஈரப்பலாவைக் கண்ணால் கண்டதில்லை. பனையைப் பிடுங்கிவிட்டு, பச்சைக் காகிதத்தை உருட்டி ஈரப்பலா ஒட்டினார். கொட்டகை இருந்த இடத்தில் எரிமலையை வைத்தார். அந்தத் தீவுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடத்தில் இன்னோர் ஆசிரியர் ஜயலக்ஷ்மி டீச்சர். அக்ரஹாரத்து வீட்டிலிருந்து தினமும் தோணி ஏறி வருகிறவர். கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல முதல் பாடமே 'கடலை அறிமுகப்படுத்துதல்'னு இருக்கு. யாருக்கு யாரை அறிமுகப்படுத்தறது?" என்று கேட்டார். மீரான் கையேட்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

ஆனாலும் பாடம் நடந்தது. நம்முடைய பள்ளிக்கூடங்களில் எந்தப் பாடமும் நடக்காமல் போனதில்லை. வாத்தியார் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் அதையே மூன்று மடங்கு சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள், பாடம் முடிந்தது. "எங்கள் தீவில் ஈரப்பலா மரங்கள் உள்ளன!" என்று ஒன்றாம் வகுப்பு கத்தியது. "எங்கள் தீவைக் கடல் இரண்டாயிரத்து ஐம்பதில் மூழ்கடிக்கும்!" என்று கத்தியது. அமாவாசையன்று இதையே, உட்காரும் பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, பைகளை சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுக் கத்தியது. கீழே தண்ணீரில் சின்ன மீன்கள் வந்து பலகைக் காலை முகர்ந்து பார்த்துப் போயின.

முன்வரிசையில் அர்ஷியா என்று ஒரு பிள்ளை. சத்துணவுக்குச் சமைக்கிற ஆசியா உம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தி. அது கையைத் தூக்கியது.

"சார், அந்தத் தீவுப் புள்ளையளுக்கு மேட்டுல வலைக் கொட்டகை இருக்கா?"

"புஸ்தகத்துல போடலம்மா."

"அப்போ பாவம்லா சார், அவங்க" என்றது அது.

கொட்டகை இருக்கிற தீவில் இந்தப் பிள்ளைகளைத் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறோமே என்று மீரானின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத எதுவும் இல்லாமல், ஏற்கெனவே எழுதியதையே அழித்து எழுதினார்.

பேரவை நேரில் பார்வையிட வரப்போகிறது என்று தகவல் வந்தபோதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சொன்னால் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்? கடல் ஏறுகிற அன்றைக்கு அவர்களை வரவழைத்துவிட்டால்? தாணுமாலையனிடம் போய், பௌர்ணமி அன்றைக்குத்தான் திட்டில் நல்ல சீலா மீன் கரைக்கு வரும் என்று சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். சொல்லிவிட்டு வழியெல்லாம் அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். பேரவை ஒருமனதாகப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தது.

வந்தார்கள். நாலு தோணி நிறைய வந்தார்கள். மாலை, மேளம், வீடியோக்காரர். வகுப்பின் நடுவில் பரிசு வாங்கிய தெர்மகோல் தீவு. அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, கடல் மட்டம் எப்படி உயரும் என்று அர்ஷியா காட்ட வேண்டும். இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். வரவேற்புரை முடிந்து முன்னிலை வகித்தோர் உரை தொடங்கும்போது வாசற்படியில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. எவ்விதச் சத்தமும் இல்லாமல், தினமும் வருகிற பிள்ளையைப் போல, தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. தெர்மகோல் தீவு மெல்ல எழும்பி, எரிமலையும் ஈரப்பலாவுமாக அறையை ஒரு சுற்றுச் சுற்றி, இயக்குநரின் பூட்ஸில் வந்து முட்டி நின்றது.

பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மீரான், இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இவர்களே பார்த்துவிட்டார்கள் என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

இயக்குநர் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

"அற்புதம்! நாங்கள் எல்லாரும் தெர்மகோலில் தேடிக்கொண்டிருந்ததை இந்த எளிய மனிதர் தண்ணீரிலேயே செய்து காட்டிவிட்டார்! வகுப்பறையைக் கடலுக்கு அழைத்துப் போன ஆசிரியர்கள் உண்டு. கடலையே வகுப்பறைக்கு அழைத்து வந்த ஆசிரியரை இன்றுதான் பார்க்கிறேன்."

"சார், நான் அழைக்கல. அது தன்னால வருது" என்றார் மீரான்.

"கேட்டீர்களா? தன்னால் வருகிறதாம்! இப்படி ஒரு துணைக்கருவியை, இத்தனை இயல்பாக, எந்தச் செலவும் இல்லாமல்..." இயக்குநருக்கு மேலே பேச வரவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வீடியோக்காரர் அதை அருகில் வந்து பிடித்துக்கொண்டார்.

மீரான் விடவில்லை. மேற்குச் சுவருக்கு அழைத்துப் போய் விரலால் அழுத்திக் காட்டினார். செங்கல் உதிர்ந்து தண்ணீரில் கரைந்தது. "விழுந்துரும் சார். புள்ளையள கொட்டகைக்கு மாத்தணும்."

"மண் அரிப்புக்கும் மாதிரியா!" என்று குதூகலித்தார் இயக்குநர். "எழுதிக்கொள்ளுங்கள், தாணுமாலையன்." அவர் எழுதிக்கொண்டார். பிறகு எல்லாரும் மீன் சாப்பிடப் போனார்கள். அன்றைக்குச் சீலா மீன் உண்மையாகவே கிடைத்திருந்தது. மீரானின் பொய்யும் பொய்யாகவில்லை.

கொட்டகை விண்ணப்பத்துக்கு அதுவரை வராத பதில் அடுத்த வாரமே வந்தது. ஒன்றாம் வகுப்பு அறை அசல் துணைக்கருவியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. துணைக்கருவியை விட்டு மாணவர்களைப் பிரிப்பது கற்றலைப் பாதிக்கும். ஆகவே அனுமதி இல்லை. மேலும், வாசற்படியில் அடுக்கியிருக்கும் மணல் மூட்டைகள் கடல் உள்ளே வருவதற்கு இடையூறாக இருப்பது பார்வையின்போது தெரிய வந்ததால், அவற்றை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

மூட்டைகளை அடுக்கியவர் கிருபைராஜ்தான். எடுக்கவும் அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் உத்தரவை ஜயலக்ஷ்மி டீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"டீச்சர், இவியளுக்குக் கடல் மேல ஏதும் பிரியமா, இல்ல எங்க மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வெளியூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று குறிப்பெடுத்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் நின்று ஈரப்பலாவைப் பற்றிக் கத்தின. ஒரு தடவை இயக்குநரின் வசதிக்காகத் தேய்பிறை அஷ்டமியில் பார்வை வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. அறை காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தாணுமாலையன் பதறினார். துணைக்கருவியை நல்ல நிலையில் பராமரிப்பது தலைமையாசிரியரின் கடமை என்று மீரானுக்கு எடுத்துச் சொன்னார். தொழிலுக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்த ஆம்பிளைகளை எழுப்பி, குடம் குடமாகக் கடல் தண்ணீரைச் சுமந்து வந்து அறையை நிரப்பினார்கள்.

"ஏ சார், தோணிக்குள்ள வந்த தண்ணியக் கோரி வெளிய ஊத்தித்தான் எங்களுக்குப் பழக்கம்" என்றார் கிருபைராஜ், தோளில் குடத்தோடு. "கோரி உள்ள ஊத்துதது இன்னைக்குத்தான். உங்க மூஞ்சிக்காவத்தான் செய்யுதேன்."

மீரான் அவர் குடத்தை இறக்கக் கை கொடுத்தார். வெட்கத்தில் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் சுவர் இன்னும் தளர்ந்தது. ஒருநாள் பாடம் நடக்கும்போது மேலேயிருந்து ஒரு காரைக்கட்டி விழுந்து, அர்ஷியாவின் மடியிலிருந்த சிலேட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மீரானால் நினைக்கவே முடியவில்லை. அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். ஆசியா உம்மாள் பிள்ளையை வாங்கித் தடவிப் பார்த்தாள். சிலேட்டின் இரண்டு துண்டையும் பார்த்தாள். மீரானை அவள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? படிக்கதுக்குத்தானே மாடியில உத்தரவு கேக்கணும்? சோறு திங்கதுக்கும் கேக்கணுமா?"

மீரான் யோசித்துப் பார்த்தார். சுற்றறிக்கையில் வகுப்பைப் பற்றித்தான் இருந்தது, சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. "அதுக்கு வேண்டாம்" என்றார்.

"அப்போ நாளையிலேருந்து நான் கொட்டகையில வச்சுத்தான் சோறு போடுவேன். புள்ளைய பையத் திங்கட்டும். என்ன அவசரம்?"

மறுநாளிலிருந்து உப்பந்திட்டில் ஒன்றாம் வகுப்புக்குக் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை தொடங்கியது. சாயங்காலம் மணி அடிக்கிறவரை அந்த இடைவேளை நீண்டது. வலைகளுக்கு நடுவே, ஆளுக்கொரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் 'அ'வும் 'ஆ'வும் படித்தன. யாராவது ஆள் வந்தால் தட்டில் கை வைக்க வேண்டும் என்று ஆசியா உம்மாள் சொல்லிக் கொடுத்திருந்தாள். சந்தேகம் என்று வந்தால் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தட்டிலும் எப்போதும் ஒரு கைப்பிடிச் சோறு இருக்கும். பார்வையாளர்கள் வருகிற நாளில் மட்டும் பிள்ளைகளைக் கீழே அழைத்துப்போய் அறையில் நிறுத்துவார்கள். அந்த நேரம் முழுக்க மீரான் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருப்பார். வாத்தியார் ஏன் இப்படி நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மெலிந்த உடம்பு எந்தச் சுவரைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு இயக்குநர் பெரிய குழுவோடு வருவதாக இருந்தது. உச்சிப்பொழுதுக்கு மேல்தான் கடல் ஏறும். அதற்குச் சற்று முன்னால் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மீரான் பிள்ளைகளை உடனே இறக்கவில்லை. கடைசி நிமிஷம்வரை கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தார். ஆனால் அதிசயமாக அன்றைக்குப் பேரவை நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தோணிகள் கரையை நெருங்கும்போது 'தட'வென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு புழுதி எழுந்தது.

மேற்குச் சுவர் முழுசாக உள்பக்கம் சரிந்து கிடந்தது. பிள்ளைகள் உட்காருகிற பலகைகள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. சன்னல் கம்பி மட்டும் செங்கல் குவியலுக்கு மேலே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது.

மீரான் மணலிலேயே முட்டுக்குத்தி உட்கார்ந்துவிட்டார். மேட்டுக் கொட்டகையிலிருந்து 'ஆ... ஆடு!' என்று ஒரே குரலாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கு அழுகை பொங்கி வந்தது. யா அல்லா, யா அல்லா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஆசியா உம்மாள் அகப்பையும் கையுமாக ஓடி வந்து, இடிபாட்டைப் பார்த்து, அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இயக்குநர் குருபிரசாத் தோணியிலிருந்து இறங்கி வந்தார். குவியலைச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"மாணவர்கள் எங்கே?"

"நல்லா இருக்காங்க சார்! ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல!" மீரான் அழுதுகொண்டே சிரித்தார். "எல்லாரும் மேட்டுல, கொட்டகையில சார்."

"கொட்டகையிலா? என்ன செய்கிறார்கள்?"

"சாப்பிடுதாங்க சார்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு மணிக்கா?" என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து மீரானை டவுணுக்குக் கூப்பிட்டார்கள். தாணுமாலையன் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, அதன் பிறகுதான் குறிப்பாணையை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி. சுவர் விழுந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்பு மாணவர்கள் வகுப்பறையில் இல்லாததற்கு விளக்கம் அளிக்கவும்.

மீரான் அதை இரண்டு மூன்று தடவை வாசித்தார்.

"இருந்திருந்தா எல்லாரும் செத்திருப்பாங்க சார்."

"வாஸ்தவம் வே. யாரு இல்லேன்னா? எனக்கும் பேரப்புள்ளைய இருக்கு, அன்னைக்கு எனக்கே ஒரு வாய் சோறு இறங்கல. ஆனா கேள்வி அது இல்லையே. வேலை நேரத்துல வகுப்பு காலியா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"அவ்வளவுதான். தப்புன்னு ஒத்துக்கிட்டு ரெண்டு வரி எழுதிக் கொடும். மேல போவாம நான் முடிச்சு விட்டுருதேன். இல்லேன்னா உம்மத் தூக்கி எங்கனயாவது மலையடிவாரத்துல போட்டுருவாங்க. அந்தப் புள்ளையள அப்புறம் யாரு பாக்கது?"

கடைசியில் சொன்னதுதான் மீரானைப் பிடித்து உலுக்கியது. காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். எழுதுவதற்கு முன்னால், "அந்தக் கொட்டகை அனுமதி சார்..." என்று இழுத்தார்.

"இப்போ எதுக்கு வே அது? அதான் சுவரு விழுந்துட்டே. இனி என்ன பயம்?"

"மத்த மூணு சுவரும் இருக்கு சார். அதுவும் உப்புத் தின்னதுதான்."

"அது விழும்போது பாத்துக்கிடலாம். பேரவையில அந்தச் சுவரக் கட்ட வேண்டாம்னு தீர்மானம் ஆயிட்டு. அந்தப் பக்கம் திறந்து கிடந்தா, வாரவங்க எல்லாரும் வெளிய நின்னே நல்லா பாக்கலாம்னு இயக்குநர் சொல்லுதாரு. நாளைக்கே புள்ளையள உள்ள கொண்டுபோய் உக்கார வச்சிரும். சோறு ஒரு மணிக்குத்தான், அதுவும் கட்டடத்துக்குள்ளயேதான். அதுக்கும் சுற்றறிக்கை போட்டாச்சு."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ சேலையை விரித்துக் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீரான் எழுதத் தொடங்கினார். அன்று மாணவர்கள் வகுப்பறையில் இல்லாதது என் தவறுதான் என்று எழுதினார். கருணையோடு மன்னிக்க வேண்டுகிறேன் என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனார்.

"இரும், இரும். வழக்கமான வரிய விட்டுட்டீரே. 'இனி இதுபோல் நேராது என்று உறுதி கூறுகிறேன்'னு போடும்" என்றார் தாணுமாலையன்.

மீரான் 'இனி' என்று எழுதினார். அதற்கு மேல் கை நகரவில்லை. அடுத்த சுவர் விழுகிற நாளில் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு அடியில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள் என்றல்லவா அந்த வரி சொல்கிறது? முன்வரிசையில் யார், அடுத்து யார், சுவரை ஒட்டி யார் என்று ஒவ்வொரு முகமாக அவர் கண்ணில் வந்தது. பேனா முனை காகிதத்தில் ஒரே இடத்தில் நின்று மை ஊறிக்கொண்டிருந்தது.

"என்ன வே, மை தீந்துட்டா?" தாணுமாலையன் தன் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அன்போடு நீட்டினார். "இதுல எழுதும், நல்லா ஓடும்."

மீரான் அதை வாங்கி, மீதி வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.